மறந்துபோன ஆல்பங்களுக்கும் ஆண்டு நிறைவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புகழ்பெற்ற இசை ஆல்பங்களின் ஆண்டு நிறைவையொட்டி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். படித்த கையோடு அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து மறுபடி கேட்பதும் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு குறை. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ (1967), ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) போன்றவற்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லோருமே கொண்டாடிவிடுகிறார்கள். கம்பெனிகளே புதுப் பதிப்பு போட்டு நமக்கு நினைவூட்டுகின்றன. வெளியான நாளில் யாரும் கண்டுகொள்ளாத ஆல்பத்துக்கு நாள் எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. அதைப் பத்திரிகைதான் செய்ய வேண்டும்.

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ 1972 பிப்ரவரியில் வந்தது. லண்டனில் ஒரு ஸ்டுடியோவில், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, இரண்டே இரவுகளில் பதிவானது. குரலும் கிட்டாரும்தான், தலைப்புப் பாடலில் மட்டும் கொஞ்சம் பியானோ. மொத்தம் அரை மணி நேரம்கூட வராது. விற்கவில்லை. 1974இல், 26 வயதில், அவர் இறந்தே போனார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அந்தத் தலைப்புப் பாடல் ஒலித்த பிறகுதான் ஜனங்கள் தேடித்தேடி வாங்கினார்கள். நடுவில் பத்தாண்டு நிறைவும் இருபதாண்டு நிறைவும் வந்து போயின. அப்போதே பெரிய பத்திரிகைகள் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

ஆங்கிலேயப் பாடகி வாஷ்டி பன்யன் கதை இதைவிடப் பரவாயில்லை. 1970இல் வந்த ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ எடுபடாமல் போனதும் அவர் பாடுவதையே விட்டுவிட்டார். 2000இல் அது மறுபடி வெளியானதும் புதிய தலைமுறை அவரைக் கண்டுபிடித்தது. 2005இல் இரண்டாவது ஆல்பம் தந்தார். கலைஞர் உயிரோடு இருக்கும்போதே திரும்பிப் பார்த்தால், பழைய ஆல்பத்தோடு புதியதும் ஒன்று கிடைக்கக்கூடும்.

சரண்ஜித் சிங்கின் பெயரையும் சொல்லியாக வேண்டும். இந்தித் திரையிசையில் பலருக்கு வாசித்த வாத்தியக் கலைஞர். 1982இல் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு பைரவி, கலாவதி என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அப்போது அது கவனிக்கப்படவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தபோது, அதில் கேட்ட அதே மாதிரி சத்தம் இவருடைய ஆல்பத்தில் முன்பே இருந்தது! உலகம் இதைத் தெரிந்துகொண்டது 2010இல் வந்த மறுவெளியீட்டால். 2015இல் அவர் காலமானார். புகழை அனுபவிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்தே ஆண்டு.

இதில் அவசரமும் இருக்கிறது. 1970, 80களின் ஒலிப்பதிவுக் காந்த நாடாக்கள் பலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. மிதமான சூட்டில் பல மணி நேரம் வாட்டிய பிறகுதான் ஓட்ட முடிகிறது. 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மூலநாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பு பரவலாகப் பேசப்பட்டது 2019இல்தான். ஆண்டு நிறைவு வருகிறது, வாங்க ஆள் இருக்கிறது என்றால்தான் கம்பெனிக்காரர்கள் கிடங்கைத் திறக்கிறார்கள். திறந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வே சாட்சி. பதிவுக் கருவியின் வேகத்தில் இருந்த பிழையால், முதல் பக்கத்து மூன்று உருப்படிகளையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் சற்றே கூடிய சுருதியில் கேட்டுவந்தது. 1990களில் மறுவெளியீட்டுக்காக மாற்று நாடாவை எடுத்தபோதுதான் அது சரியானது. அவ்வளவு பிரபலமான ஆல்பத்துக்கே இந்தக் கதி!

மறந்துபோன எல்லாமே பொக்கிஷம் என்று நான் சொல்லவில்லை. சில ஆல்பங்கள் நன்றாக இல்லாததால்தான் மறக்கப்பட்டன. அதையும் எழுதுபவர் நேராகச் சொல்லிவிடலாம். அப்புறம், எத்தனை லட்சம் விற்றது, எந்த விருது வாங்கியது என்பதைக் குறைத்துக்கொண்டு, யார் வாசித்தார்கள், யார் பதிவு செய்தார்கள், பாடல்களை ஏன் அந்த வரிசையில் அடுக்கினார்கள் என்று எழுதினால் படித்துவிட்டுக் கேட்பவருக்குப் பயன்படும்.

பெரிய ஆல்பங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதே ஆண்டு வெளிவந்து காணாமல் போன ஒன்றுக்குப் பக்கத்திலேயே அரைப் பக்கம் கொடுங்கள். 1982இன் ஆல்பங்களைப் பற்றி எழுதும் முறை வரும்போது, சரண்ஜித் சிங்கிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்