அடுத்த கைக்குப் போகும் வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. வேலையில் சேர்ந்து நாலு மாதமாகியும் மீட்டிங்கில் வாய் திறக்கப் பயமாக இருக்கிறது, மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்றாய். அப்போது எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

19 வயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சேர்ந்தேன். ஒரு கொலுசை ஒரே ஆள் செய்வதில்லை, நீயே பார்த்திருக்கிறாய். உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், சலங்கை கோர்ப்பது ஒருவர், மெருகு போடுவது இன்னொருவர். எனக்குப் பற்றவைப்பு வேலை. வெள்ளி 961 டிகிரியில் உருகும். வளையத்தை ஒட்டவைக்கும் பொடி அதற்கு முன்பே உருகிவிடும். அந்த இடைவெளிக்குள் கை வேலையை முடிக்க வேண்டும். சூடு குறைந்தால் பற்று பிடிக்காது, கூடினால் வளையமே உருகிப்போகும். எனக்கு அது பிடிபடவே இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற பயம்.

ஒருநாள் மெருகுக்குப் போன கொலுசுகள் வரிசையாக அறுந்து திரும்பி வந்தன. முதலாளி கத்தினார். நான் வாயே திறக்கவில்லை. திட்டு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு விழுந்தது. இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சோறும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரிடமே போய், "அண்ணே, அது என் கை" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பலகையைத் தள்ளிப் போட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "சுடரையே பார்க்காதடா, பொடியைப் பார். பளிச்சென்று ஓடுகிற நொடியில் சுடரை எடுத்துடு" என்றார். எனக்குத் தொழில் வந்தது அன்றைக்குத்தான். முதலாளியிடமும் நானே போய்ச் சொன்னேன். கை நடுங்கியது, ஆனால் சொன்னேன்.

அதன்பிறகு மெருகு போடும் அக்காவிடம் தினமும் கேட்பேன்: "நான் அனுப்புறது உங்க கைக்கு எப்படி வருது?" எங்கே பிசிறு நிற்கிறது, எது அறுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல என் பயம் குறைந்தது.

நீயும் அப்படிக் கேட்டுப் பார், கண்ணு. நீ போடும் ரிப்போர்ட் அடுத்து யார் மேஜைக்குப் போகிறதோ அவரிடமே கேள். மீட்டிங்குக்கு முன்னால் ஒருவரிடமாவது சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள். அப்புறம் பத்துப் பேர் முன்னால் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. உன் வேலையில் இன்னொருவர் கை இருந்தால் அவர் பெயரை எல்லோர் முன்னிலையிலும் சொல். தப்பு நடந்தால் மற்றவர் கண்டுபிடிக்கும் முன் நீயே சொல்லிவிடு.

இதற்காக யாருக்கும் அடங்கிப் போக வேண்டாம். உன் ஆபீஸ் சீனியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டியதாகச் சொன்னாயே, அது சரியில்லை. அவரைத் தனியாகப் பார்த்து, "குறை இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள்" என்று நிதானமாகச் சொல். உன்னால் முடியும்.

அம்மா தட்டுவடை இரண்டு பாக்கெட் கட்டி வைத்திருக்கிறாள், பச்சை சட்னியும் சிவப்பு சட்னியும் தனித்தனி டப்பாவில். சனிக்கிழமை பெங்களூரு வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கேரட், பீட்ரூட், வெங்காயம் அங்கே வாங்கித் துருவிக்கொள். திங்கட்கிழமை மதியம் பக்கத்து சீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவலும் வைத்துச் செட் போட்டு இரண்டு பேருமாகச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அப்பா