ஐசாவா மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானின் நகானோ மாகாணம், மட்சுமோட்டோ நகரில் உள்ள ஐசாவா மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மருத்துவமனைக்கு மடல் எழுதுகிறவர்கள் சிகிச்சையைப் பற்றி எழுதுவார்கள், அல்லது பில்லைப் பற்றி. நான் எழுதுவது உங்கள் சம்பளப் பட்டியலில் இருந்த ஒரு பெயரைப் பற்றி: நவோ கொடைரா.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். தணிக்கை நாளில் ஒரு வரியைப் பேனா முனையால் தட்டி, ‘இது எதற்கு?’ என்று கேட்பார்களே, அந்தத் தட்டலின் ஓசை எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனைக் கணக்கில், பனித்தளத்தில் சறுக்கிப் பந்தயமிடும் ஒரு ஸ்பீடு ஸ்கேட்டிங் வீராங்கனை! எத்தனை தட்டல்கள் விழுந்திருக்கும்?

2009-இல் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர், பயிற்சியாளர் மசஹிரோ யூகியை விட்டு விலகாமல் நகானோவிலேயே இருக்க விரும்பினார். பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். ஆதரவு தரும் நிறுவனம் அமையவில்லை. நீங்கள் வேலை கொடுத்தீர்கள். மறு ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் குழு விரட்டுப் போட்டியில் வெள்ளி, தங்கம் 0.02 வினாடியில் ஜெர்மனிக்குப் போனது. ஆனால் அவருடைய சொந்தப் போட்டியான 500 மீட்டரில் 12-ஆம் இடம்தான். 2014-இல் சோச்சியில் அதே 500 மீட்டரில் ஐந்தாம் இடம். பதக்கம் ஒன்றுகூட இல்லை.

நான் கணக்குப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வயது 27, ஐந்து ஆண்டுச் செலவு, ஐந்தாம் இடம் என்று ஒரு குறிப்பும் எழுதியிருப்பேன். அவரோ நெதர்லாந்தின் ஹீரன்வீனுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கிருந்த இரண்டு ஆண்டுகளும் உங்கள் ஊழியராகவே இருந்தார். தோளை உயர்த்தி, தலையை நிமிர்த்தி, கோபம் கொண்ட பூனையைப் போலச் சறுக்கச் சொன்னார் அங்கே பயிற்சியளித்த மரியன் டிம்மர். முதுகு வளைப்பதற்கு ஒரு மருத்துவமனை சம்பளம் கொடுத்தது என்று இதைத் தணிக்கையாளரிடம் எப்படி விளக்குவது?

2018 பிப்ரவரி 18, தென் கொரியாவின் கங்னுங் நகரம். 500 மீட்டர், 36.94 வினாடி, ஒலிம்பிக் சாதனை. ஜப்பானியர் ஆரவாரித்தார்கள். கொடைரா உதட்டில் விரல் வைத்து, அமைதி என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஜோடியில் லீ சாங்-ஹ்வா ஓட வேண்டும். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே தங்கத்தை வென்றவர், அதுவும் இப்போது சொந்த மண்ணில். 37.33 வினாடியில் முடித்துத் தங்கத்தைக் கொடைராவிடம் இழந்த லீ அழுதபோது கொடைரா அருகே போய் அணைத்துக்கொண்டார். ஆளுக்கொரு கொடியுடன் இருவரும் சேர்ந்து சறுக்கிய காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. அந்த விரலுக்காகவே உங்கள் செலவு முழுவதையும் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டிருப்பேன்.

2022-இல் பெய்ஜிங்கில் 17-ஆம் இடம். கணுக்காலில் சுளுக்கு இருந்ததைப் போட்டி முடிந்த பிறகே சொன்னார். கொரியத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்த லீ கண்ணீர் விட்டார். அப்போதும் கொடைரா உங்களிடம்தான் இருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 22, நகானோவின் எம்-வேவ் அரங்கில் கடைசிப் பந்தயம்: 37.49, முதலிடம். 1998 ஒலிம்பிக்கில் ஹிரோயாசு ஷிமிசு 500 மீட்டர் தங்கம் வென்ற அதே தளம். அப்போது கொடைரா 11 வயதுச் சிறுமி.

தங்கத்துக்குப் பாராட்டு மடல்கள் உங்களுக்கு ஏற்கெனவே குவிந்திருக்கும். எனக்கு வேண்டியது வேறு. விளையாட்டு வீரருக்கு ஆதரவு தரலாமா என்று யோசிக்கும் எந்த நிறுவனமும் கடைசியில் வெற்றிப் படத்தைத்தான் பார்க்கிறது. அதைப் பார்த்துப் பதக்கம் வாங்கியவருக்குத்தான் பணம் தருகிறது. பதக்கம் இல்லாத ஆண்டில் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை. சோச்சி முடிந்து கொடைரா திரும்பிய பிறகு நடந்த கூட்டத்தில் அந்தச் சம்பள வரிக்கு எதிரே நீங்கள் எழுதிய காரணத்தை வெளியிடுங்கள். ஒரு பக்கம் போதும். ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும். மொழிபெயர்க்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஒரு கணக்கர்