காற்றாடி விமானத்துக்கு என்ன குறைச்சல்?

பாடாங் செராய்

குணா,

அக்காள் மகள் கல்யாண வேலையில் உனக்குப் பதில் எழுதுவது தள்ளிப்போய்விட்டது. கல்யாணம் நல்லபடி முடிந்தது. உன் மொய் வந்து சேர்ந்தது. கிராணி வீட்டுப் பெரியவர் பழையபடிதான், பந்தியில் உட்கார்ந்ததும் உன்னைத்தான் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெட் காலத்தில் கடலைக் காவல் காக்க நம் மலேசிய அரசாங்கம் காற்றாடி (புரொப்பெல்லர்) விமானம் வாங்குவது வெட்கக்கேடு என்று எழுதியிருந்தாய். 2023இல் லங்காவியில் ஒப்பந்தம் போட்ட அந்த இரண்டு ஏ.டி.ஆர். 72 விமானங்களைத்தானே சொல்கிறாய்? எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பால்மரக் காட்டில் நின்று நாம் அண்ணாந்து பார்த்த ஆஸ்திரேலியாவின் ஓரியன் ரோந்து விமானம் ஞாபகம் இருக்கிறதா? பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி வரும். நான்கு காற்றாடி, வால் நுனியில் தேள் கொடுக்கு மாதிரி நீண்ட ஒரு குழல். கடலுக்கு மேல் சுற்றத் தொடங்கியதும் விமானியே ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவார். எண்ணெய் மிச்சமாகும், இன்னும் கொஞ்ச நேரம் வானத்தில் இருக்கலாம். நீர்மூழ்கியைத் தேடுகிறவனுக்கு அந்த நேரம்தான் சொத்து. பெரிய காற்றாடி நிறையக் காற்றை நிதானமாகப் பின்னால் தள்ளும். தாழப் பறக்கும்போது, மெதுவாகப் போகும்போது அதுதான் சிக்கனம். ஜெட்டின் பலம் உயரத்திலும் தூரத்திலும். ஆஸ்திரேலியாக்காரன் பி-8 ஜெட்டுக்கு மாறிவிட்டான் என்பாய். அவன் பார்க்க வேண்டிய கடல் எவ்வளவு பெரியது! நம் மலாக்கா நீரிணைக்கு அவ்வளவு ஓட்டம் எதற்கு?

உன் மாமனார் ஊர் அரக்கோணத்தையே எடுத்துக்கொள். அங்கே இந்தியக் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்த ரஷ்ய டியூ-142 ரோந்து விமானத்துக்கு ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைக் காற்றாடி. 2017இல் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள், வேலை பி-8 வகை ஜெட்டிடம் போனது. அத்தோடு காற்றாடி ஒழிந்ததா? 2020இல் அதே தளத்துக்கு ஆளில்லா எம்.க்யூ-9பி குத்தகைக்கு வந்தது. ஒரு நாளுக்கு மேல்கூட இறங்காமல் பறக்கும். அதன் பின்பக்கம் சுழல்வது என்ன? காற்றாடிதானப்பா! அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஜெட்டுகளுக்கு வழிகாட்டும் ஹாக்ஐ ரேடார் விமானத்துக்கும் எட்டு இதழ்க் காற்றாடி. சண்டைக்கு ஜெட்தான், அதில் உன்னோடு எனக்கு வாதமில்லை. கண்காணிப்பு வேறு வேலை.

ஒன்றை யோசித்துப் பார். 1941 டிசம்பர் 10, நம் குவாந்தான் கடல். பிரிட்டனின் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டும் மூழ்கி எண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். மூழ்கடித்தவை ஜப்பானின் காற்றாடி விமானங்கள். கப்பல்களுக்கு மேலே காவலுக்கு ஒன்றுமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து பஃபலோ சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எந்த எஞ்சின் என்பதைவிட, வேண்டிய நேரத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதனால் என் கவலை எண்ணிக்கையைப் பற்றி. அந்த ஏ.டி.ஆர். இரண்டில் ஒன்று பழுதுபார்க்கப் போனால் மிச்சம் ஒன்று. நீரிணையும் வேண்டும், சபா சரவாக் கடலும் வேண்டும். கடல் காவலுக்கு மாற்றியமைத்த சி.என்-235 போக்குவரத்து விமானங்கள் சில இருக்கின்றன (அவையும் காற்றாடிதான்), இருந்தாலும் போதாது. நீ கோபப்பட வேண்டியது இதற்கு.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? மகனையும் கூட்டி வா. விமானப் பொறியியல் படிக்கிறவன், அவன் யார் பக்கம் என்று கேட்டுவிடலாம்.

உன்,
சேகர்