கழட்டின இன்ஜினை வித்துடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய கார்ல புது இன்ஜின் மாத்தி ஓட்டுற பசங்களைப் பத்தி வந்திருந்ததைப் படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா கழட்டின பழைய இன்ஜின் எங்க போச்சுன்னு அதுல ஒரு வரிகூட இல்ல, அதுதான் மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு, அதனாலதான் எழுதுறேன்.

எங்க வீட்டு வண்டி 1969 மாடல் அம்பாசடர் மார்க் டூ. 1978ல அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங்குக்குக் கீழயே கை கியரு, முன்னாடி ஒரே நீள சீட்டு, அதுல அப்பா, அம்மா, நடுவுல என் தங்கச்சி. குன்னூர் ஏறும்போது பர்லியாறு வர்றதுக்குள்ள தண்ணி கொதிச்சுரும், அப்பா ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு அரைமணி நேரம் ஆற விடுவாரு, அப்புறம் ஈரச்சாக்கை ரேடியேட்டர் மூடி மேல போட்டு கொஞ்சங் கொஞ்சமா திருகித் தண்ணி ஊத்துவாரு, நாங்க அந்த நேரத்துல பலாப்பழம் வாங்கித் தின்னுட்டு இருப்போம்.

2009ல வண்டி ரொம்ப புகை தள்ள ஆரம்பிச்சுருச்சு, ஆயிலும் குடிச்சுது. சிலிண்டரைக் கடைஞ்சு (போர் பண்ணி) ரிங்கு பிஸ்டன் மாத்தியிருந்தா சரியாகியிருக்கும், இப்ப தெரியுது. அப்ப பட்டறைக்காரர், "இதுக்குச் செலவு பண்றதுக்கு ஒரு கான்டெசா கார் இன்ஜினை இறக்கிரலாம்ங்க, கம்பெனிக்காரனே போட்டதுதானே"ன்னாரு. அவரு சொன்னது பொய்யும் இல்ல. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 90கள்ல அம்பாசடர்ல இசுசு 1.8 லிட்டர் இன்ஜினையும் அஞ்சு கியர் பாக்ஸையும் போட்டு 1800 ஐ.எஸ்.இசட்.னு வித்தாங்க. பழைய இன்ஜின் 50 எச்.பி. பக்கம்னா இது 75 பக்கம். அவங்களோட இன்னொரு காரான கான்டெசாவுலயும் அதே இன்ஜின்தான். நானும் சரின்னுட்டேன்.

கம்பெனியில போடுறது வேற, பட்டறையில போடுறது வேறங்கறது அப்புறந்தான் புரிஞ்சுது. புது கியர் பாக்ஸ் உக்காரலைன்னு தரையில நடுவுல மேடா இருக்கிற டனலை கேஸ் கட்டிங் வெச்சு அறுத்துட்டாங்க, பழைய இன்ஜின் உக்காந்திருந்த மவுண்டிங்கையும் வெட்டி எடுத்துட்டு வேற வெல்டு வெச்சுட்டாங்க. கை கியர் போய் தரைக் கியர் வந்துச்சு, அதோட தங்கச்சி உக்காந்த நடு இடமும் போச்சு. முதல் நாள் வண்டியை எடுத்தப்ப அப்பாவோட இடது கை தானா ஸ்டீயரிங்குக்குக் கீழ போய்த் தேடுச்சு, அங்க ஒண்ணும் இல்ல, ஒரு நிமிஷம் அப்படியே கையை வெச்சுட்டு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல.

வண்டி நல்லாத்தான் ஓடுச்சு, அதை இல்லேங்கல. மேட்டுல இழுவை அருமை, பர்லியாறுல நிக்கவே இல்ல. ஆனா இறங்கும்போதுதான் உயிர் போச்சு, ஏன்னா நாலு சக்கரத்துக்கும் அதே பழைய டிரம் பிரேக்கு, மிதியை லேசாக்குற பூஸ்டரும் கிடையாது, இன்ஜின் வேகத்துக்கு மிதிச்சா மிதி உள்ள போகுதே தவிர வண்டி நிக்கல, கல்லாறு வர்றதுக்குள்ள பிரேக் லைனிங் கருகுற வாடை வண்டிக்குள்ளயே வந்துருச்சு. புது இன்ஜின் போடணும்னு நினைக்கிற பசங்க தயவுசெஞ்சு முதல்ல பிரேக்கைப் பாருங்க, அதுக்கப்புறம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கடைசியாத்தான் இன்ஜின்.

ஆர்.சி. விஷயமும் முக்கியம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி இன்ஜின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும், அனுமதி இல்லாம மாத்திட்டா 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். பட்டறைக்காரர் "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னாரு, நானும் விட்டுட்டேன், அது என் தப்பு. ஆர்.சி.யில ஒரு நம்பரு, இன்ஜின்ல ஒரு நம்பரு இருக்கிற வண்டி ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்குறதே அதைத்தான்.

2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷம் தாண்டின வண்டியா இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெருசா எந்த மாத்தமும் பண்ணியிருக்கக் கூடாது, புதுசா பதிவு பண்ண 20,000 ரூபாய், நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், ராலி, கண்காட்சி மாதிரி விஷயத்துக்கு மட்டும் ரோட்டுல எடுக்கலாம். எங்க வண்டிக்கு 2019லயே 50 வயசு ஆயிருச்சு. ஆனா இன்ஜின் வேற, டனல் வேற, அந்த வாசல் எங்களுக்கு மூடிருச்சு.

பழைய இன்ஜினை வீட்டுக்குக் கொண்டு வந்து ஷெட்டுல சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தாக்கூட திரும்ப இறக்கிப் பார்க்கலாம், வெட்டின இடத்தை பேட்ச் போட்டு ஓரளவு சரி பண்ணலாம். நான் போய்ப் பட்டறைக்காரரைக் கேட்டப்ப "அது இடைஞ்சலா இருக்குதுன்னு எடைக்குப் போட்டுட்டேங்க"ன்னு சொல்லிட்டாரு. அப்பாகிட்ட இதை நான் இன்னும் சொல்லல.

தினமும் ஓட்டுற வண்டி, பார்ட்ஸ் கிடைக்கல, மாத்தித்தான் ஆகணும்னா மாத்துங்க, தப்பே இல்ல. ஆனா வெட்டாம, போல்ட்டு போட்டுக் கழட்டுற மாதிரி மவுண்டிங் பண்ணச் சொல்லுங்க, கழட்டின இன்ஜின், கியர் பாக்ஸ், கை கியர் ராடு எல்லாத்தையும் ஒரு நட்டு விடாம வாங்கிட்டு வந்து கிரீஸ் தடவி வைங்க, ஆர்.சி.யில ஏத்துங்க. பட்டறை வெச்சிருக்கிற அண்ணன்மாருங்களும் ஓனரைக் கேக்காம எதையும் எடைக்குப் போடாதீங்க.

எங்க இன்ஜின் நம்பர் இன்னும் ஆர்.சி. புக்குல அப்படியே இருக்கு. அதை ஒரு சீட்டுல எழுதி பர்ஸுல வெச்சிருக்கேன், உக்கடம் பக்கம் போறப்பெல்லாம் பழைய இரும்புக் கடையில 1489 இன்ஜின் ஏதாவது கிடந்தா குனிஞ்சு நம்பரைத் துடைச்சுப் பார்த்துட்டுத்தான் வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு அம்பாசடர் ஓனர், கோயம்புத்தூர்