உன் கேமை அழித்தது கரண்ட் இல்லை

அம்முக்குட்டி,

சாப்பாடு, தூக்கம், அங்கே குளிர் எப்படி என்பதெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இது போனில் சொல்ல வராத விஷயம். நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் கத்துவாய், இரண்டையும் உடனே கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள் என்று பரணைக் காலி செய்தேன். பழைய சூட்கேசுக்குள் உன் பிளேஸ்டேஷன் 2, மாமா துபாயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாரே, அதுதான். கன்ட்ரோலர் வயரில் நீ சுற்றிவைத்த ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளேயே அந்த டிஸ்க், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தை வைத்து வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' கேம். இப்போதைய டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் குத்த ஓட்டையே இல்லை. மாடி வீட்டுப் பையன் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து எச்டிஎம்ஐயில் மாட்டிக் கொடுத்தான். படம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி தெரிகிறது, என் கோடரிக்காரக் குள்ளர் கிம்லி முன்பைவிடக் குட்டையாகிவிட்டார். பட்டனை அழுத்தியபிறகு கோடரி கொஞ்சம் நிதானமாக இறங்குகிறது, அது டிவியின் கோளாறா என் விரலின் கோளாறா என்று கேட்காதே.

உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்துப்போய் தேதி எங்கேயோ நிற்கிறது. ஆனால் மெமரி கார்டு, வெறும் 8 எம்பி கார்டு, ஒன்றையும் மறக்கவில்லை. நாம் ஆடிச் சேமித்துவைத்த சேவ் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் 2004 மே மாதத் தேதி. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்தத் தேதிக்கு முன்னால் அங்கே இன்னொரு சேவ் இருந்தது. உன்னுடையது. "ராத்திரி கரண்ட் போச்சு கண்ணு, அதுல அழிஞ்சிருக்கும்" என்று நான் சொன்னேனே, நீ அன்று காலை இட்லியைத் தொடாமல் அழுதாயே.

கரண்ட் போகவில்லை. நான்தான் அழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மந்திரவாதி காண்டால்ஃப் தனியாகப் போகும் பாதையில் மினாஸ் திரித் கோட்டைச் சுவர் வருமே, அதில் நீ நாலு நாள் மாட்டிக்கொண்டு நின்றாய். எதிரிப் படையான ஓர்க்குகள் ஏணி போட்டு ஏறுவார்கள், ஓடிப்போய் ஏணியை உதைத்துத் தள்ளவேண்டும், ஒன்றைத் தள்ளுவதற்குள் இன்னொரு பக்கம் ஏறிவிடுவார்கள், நடுவில் முற்றுகைக் கோபுரம் வேறு. நீ கன்ட்ரோலரைச் சோபாவில் எறிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சரி, ராத்திரி நீ தூங்கினபிறகு நாம் கற்றுக்கொண்டு பகலில் உதவலாமே என்று நினைத்தேன். உன் ஆட்டத்தைத் தொடக்கூடாது என்றுதான், சத்தியமாக, புதிதாக ஆரம்பித்தேன். முதல் லெவலான ஹெல்ம்ஸ் டீப்பை முடிக்கவே எனக்குப் பன்னிரண்டரை மணி ஆகிவிட்டது. முடித்த சந்தோஷத்தில் 'சேவ் பண்ணவா' என்று கேட்டதற்கு மேலே இருந்த உன் சேவின்மேலேயே எக்ஸ் பட்டனை அழுத்திவிட்டேன். அடுத்து என்னவோ எச்சரிக்கை வந்தது, அதற்கும் எக்ஸ். நீ வாரக்கணக்கில் புள்ளி சேர்த்து வாங்கிய வித்தைகள், லெவல் முடித்துத் திறந்த நடிகர் பேட்டிகள், எல்லாம் போயிற்று. டிவிக்கு முன்னால் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வேலை பார்க்கிறவள், பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு தடவை படி என்று தினமும் சொல்கிறவள்.

அதற்கு முந்தின கேம் ஞாபகம் இருக்கிறதா, 2002இல் வந்த 'தி டூ டவர்ஸ்'? அதில் ஒருவர்தான் ஆட முடியும். நீ ஆடினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். இதில் இரண்டு பேர் ஆடலாம் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது, ஆனாலும் நீ என்னைக் கூப்பிடவில்லை, பெரியப்பா பையன் வந்தால்தான் இரண்டாவது கன்ட்ரோலர் வெளியே வரும். ஆட்டம் முதலிலிருந்து என்று ஆனபிறகுதான், தனியாகத் திரும்ப ஆட அலுப்பாக இருந்ததோ என்னவோ, "நீயாவது வாம்மா" என்றாய். அந்த 'நீயாவது' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நீ எப்போதும் லெகோலாஸ், நான் கிம்லி. உனக்கு அம்பு, எனக்குக் கோடரி. கேடயம் வைத்தவனை எக்ஸால் எத்தனை தட்டினாலும் ஆகாது, முக்கோணத்தை அழுத்தி ஓங்கி ஒரு போடு போட்டால்தான் உடையும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். படத்தின் காட்சி ஓடிக்கொண்டே இருந்து அப்படியே கேமாக மாறிவிடும், எந்த இடத்தில் மாறியது என்றே எனக்குப் பிடிபடாது, நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன், நாலு பேர் என்னை வெட்டிக்கொண்டிருப்பார்கள். "அம்மா, படம் முடிஞ்சிடுச்சு, அடி!" என்று கத்துவாய். சினிமாவை வைத்து வந்த கேம்களில் இந்த ஒரு வித்தையை இவ்வளவு அழகாகச் செய்தது நான் வேறு பார்த்ததில்லை. நான் பார்த்ததே நாலைந்துதான், அது வேறு விஷயம்.

அதில் எனக்குப் பிடிக்காதது கேமராதான். அதை நாம் திருப்ப முடியாது, திரையும் இரண்டாகப் பிரியாது, ஒரே திரைக்குள் இரண்டு பேரும். இறந்தவர்களின் ராஜாவை அடித்துமுடித்தபிறகு குகை இடிந்து விழுமே, நீ முன்னால் பறப்பாய், நான் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பேன், நான் வராமல் நீயும் அதற்கு மேல் போக முடியாது. "சீக்கிரம் வாம்மா, உன்னாலதான்!" அப்போது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா. நேற்று அந்த இடத்தைத் தனியாக ஆடினேன், ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டேன். என்னவோ மாதிரி இருந்தது, அணைத்துவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டேன்.

கேம் படத்துக்கு முன்னாலேயே, 2003 நவம்பரில் வந்துவிட்டதாம், படம் டிசம்பர் 17. எரிமலைக்குள் மோதிரம் என்ன ஆகிறது என்பதைத் தியேட்டருக்குப் போகுமுன்பே கேமில் பார்த்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நல்லவேளை நாம் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆடினோம்.

சரி, சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் திட்டு, அப்பாவுக்கு எதிரில் வேண்டாம், அவரிடமும் அப்போது கரண்ட் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், டிசம்பரில் வரும்போது சாக்லேட்டெல்லாம் வேண்டாம், கன்ட்ரோலர் ஒன்று பழையதாகவாவது கிடைத்தால் வாங்கிக்கொண்டு வா. இங்கே இருப்பதில் ஒன்றின் எல்1 அழுந்த மாட்டேன் என்கிறது, அதை வைத்துக்கொண்டு அம்பு விட முடியாது. கிடைக்காவிட்டால் அது எனக்கு இருக்கட்டும், கிம்லிக்குக் கோடரியைக் கையில் பிடித்து அடித்தால் போதும். காண்டால்ஃப் சுவரில்தான் இன்னும் நிற்கிறேன், இடதுபக்கத்து ஏணிக்கு ஓடினால் வலதுபக்கம் ஏறிவிடுகிறார்கள்.

அம்மா