விற்கச் சொன்ன புத்தகங்களைப் பற்றி

இந்து நகர், உதகமண்டலம்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

முன் அறை அலமாரியில் இருக்கும் ஒளிப்படப் புத்தகங்களை, வாங்க ஆள் கிடைத்தால் மொத்தமாகக் கொடுத்துவிடும்படி நீ அனுப்பிய இரண்டு வரிச் செய்தி கிடைத்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. பணமுடை என்றால் அதை அப்பாவிடம் சொல்வதில் தயக்கம் வேண்டாம். வேறு காரணம் என்றால் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்தப் புத்தகங்கள் இந்த வீட்டுக்கு வந்த விதம் எனக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் நீ வாங்கி வந்தது ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் 2008-ஆம் ஆண்டுப் புத்தகப் பெட்டி. விசிறிபோல் மடித்த ஏழு சிறு புத்தகங்களைக் கூடத்து மேசைமேல் விரித்து நிறுத்தி, இதுவே ஒரு கண்காட்சிதான் அப்பா என்றாய். இதற்கா இவ்வளவு பணம் என்று மஞ்சூர் அத்தை கேட்டபோது, பத்மநாபபுரம் அரண்மனை வரும் மடிப்பை விரித்து அவளிடம் காட்டியது நான்தான். அந்த ஏழில் ஒன்று தயாநிதாவின் தாயார் நோனி சிங் எடுத்த படங்களால் ஆனது. மகளின் பெட்டிக்குள் தாய்க்கும் ஓர் இடம் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மா தூங்கிய பிறகு இப்போதும் அதை எடுத்து விரித்துப் பார்க்கிறேன்.

இவ்வகைப் புத்தகங்கள் சில ஆயிரம் பிரதிகள், சில வேளைகளில் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகின்றன என்பதை எனக்குச் சொல்லித் தந்தவளே நீ. 1977-இல் வந்த, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் நான்சி ரெக்ஸ்ராத்தின் புத்தகம் மறுபதிப்புக் காண 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாங்காங்கில் செய்த டயானா என்னும் மலிவான பிளாஸ்டிக் கேமராவால் எடுத்த படங்கள் அவை. சிறுவயதில் கோடை விடுமுறைக்குச் சென்றுவந்த அயோவாவை நினைத்து, பெரும்பாலும் வேறொரு மாநிலமான ஒஹாயோவில் எடுத்துவிட்டு, அயோவா என்றே பெயரும் வைத்தார். ஹாம்பர்க்கில் நீ எடுத்து அனுப்பிய ரயில் நிலையப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் லவ்டேல் நிலையத்தின் பனி எனக்குத் தெரிகிறது. உனக்கும் அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். சில புத்தகங்களின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளையின் கையெழுத்தும் இருக்கிறது. விற்பது என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை? கேட்டுக்கொண்டாயா?

புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆடி மாத ஈரத்தில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படமும் சேர்ந்து கிழிந்துவரும் என்பதால், அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றியும் வருகிறேன். ராமபாணப் பூச்சி இதுவரை இல்லை.

உன் ஹோல்கா பிளாஸ்டிக் கேமராவைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். அதன் முதுகில் எண் பார்க்க இருக்கும் சிவப்புச் சாளரத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, ரோலைச் சுற்றும்போது மட்டும், அதுவும் நிழலில், திறந்து பார். சிவப்பு ஒளி தெரியாத பழைய பிலிமுக்கு அந்தச் சாளரம் சரி. இன்றைய பான்குரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பும் தெரியும். அதனால்தான் பிலிம் கம்பெனியில், பிலிமுக்கு ரசாயனம் பூசும் கோட்டிங் பிரிவில் நாங்கள் சிவப்பு விளக்குகூட இல்லாத முழு இருட்டில் சுவரைத் தடவி நடந்து வேலை பார்த்தோம். ஒரு படத்தின் மேல் அடுத்த படம் பாதி ஏறி வருமாறு நீ வேண்டுமென்றே அரைச் சுற்றுச் சுற்றி எடுத்த அந்த நீண்ட நெகட்டிவைப் பார்த்தபோது, இதைக் கழிவுப் பெட்டியில்தான் போட்டிருப்போம் என்று முதலில் தோன்றியது. பிறகு ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். துறைமுகமும் படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. பக்கத்து வீட்டாருக்கும் காட்டினேன். என் மகள் எடுத்தது என்று சொன்னேன்.

சென்ற ஆண்டு வரை வந்த படங்களின் ஓரத்தில் மாப்பிள்ளையின் தோளோ, சைக்கிளோ, மேசைமேல் இரண்டு கோப்பைகளோ இருக்கும். தீபாவளிக்குப் பிறகு வந்தவற்றில் யாரும் இல்லை. மாலை நான்கு மணிக்கே இருட்டும் குளிர்காலத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டும் திறக்கும் கேமராவால் வீட்டுக்குள் ஆளை எடுப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை திறந்தே இருக்கும் 'பி' நிலையில் வைத்து, கேமராவைச் சுவரில் அணைத்துப் பிடித்தால் வரும்.

எடுத்து முடித்த ரோல் ஒன்று இலையுதிர் காலத்திலிருந்தே குளிர்பெட்டியில் கிடக்கிறது, கழுவ மனமில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கழுவாவிட்டால், பதிந்த பிம்பம் நாள் ஆக ஆக மங்கும், கயல்விழி. எடுத்ததை வைத்துக்கொண்டிராதே. உனக்குக் கழுவ மனமில்லை என்றால் நான் கழுவித் தருகிறேன். டேங்க் இருக்கிறது, டெவலப்பரும் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் என்ன இருந்தாலும் நீ பார்க்கும் வரை நான் பார்க்க மாட்டேன்.

தபாலில் மட்டும் அனுப்ப வேண்டாம். வழியில் எக்ஸ்ரே பட்டால் மூட்டம் விழும். எக்ஸ்ரேக்கென்றே பிலிம் செய்த கம்பெனியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். கையோடு கொண்டு வா. பெட்டியில் போடாதே, கைப்பையில் தனியாக வை, சி.டி. ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கும்படி அதிகாரியிடம் கேள். மறுத்தால் பொறுமையாக இன்னொரு முறை கேள்.

புத்தகங்களை விற்கவில்லை. நீ வந்து, உன்னுடையது எது, அவருடையது எது என்று பிரித்துச் சொன்ன பிறகு பேசிக்கொள்வோம். இருவரும் வந்தால் மகிழ்ச்சி. நீ மட்டும் வந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். தேதியை மட்டும் எழுது, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா