சட்டை விலையில் ஆற்றுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசிய நாடுகள் தொழிலையும் சுற்றுச்சூழலையும் எப்படிச் சேர்த்துக் காப்பாற்றுவது என்று போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசையும் முதலாளியையும் வாங்கு வாங்கென்று வாங்கியவர், சரக்கை வாங்குகிறவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாயப்பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த அணை அது. நொய்யலில் நாங்கள் விட்ட சாயத்தண்ணி தேங்கித் தேங்கி, கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகளே 'தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று சொல்லும் நிலைமை வந்தது.

கலர்தான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். கலரை எடுத்துவிடலாங்க, உப்புதான் போகாது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறம் என்றால் கிலோ துணிக்கு அரைக் கிலோ வரைகூட ஆகும். சாயமாவது துணியில் ஒட்டும், உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் வழிக்கு வந்தது. இப்போது ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பட்டறைக்கே கொண்டுவருகிறோம். கரண்டும் விறகும் தின்கிற வேலை அது. அப்படியும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ராத்திரி மழை பெய்தால் அதோடு சேர்த்துச் சாயத்தண்ணியைத் திறந்துவிடுகிற ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை.

சரி, இந்தச் செலவை யார் தருவது? போன வருஷம் எங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு கம்பெனியின், அதாவது பையரின், ஆள் வந்தார். காலையில் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்து, தெளிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டார். மத்தியானம் விலை பேச உட்கார்ந்ததும் பங்களாதேஷில், டாக்காவில் இதைவிடக் குறைச்சல் என்கிறார். காலையில் எடுத்த போட்டோவுக்குக் காசு கிடையாதாம்.

டாக்காக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டாக்கா பக்கம் ஓடுகிற துராக் நதிக்குச் சட்டப்படி ஓர் ஆளுக்குரிய உரிமை உண்டு என்று அங்கே உயர்நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது, ஆறு இன்னும் கறுப்பாகத்தான் ஓடுகிறது. டாக்காவின் இன்னொரு ஆறான புரிகங்காவைக் காப்பாற்ற, ஊருக்குள் ஹஜாரிபாக் பகுதியில் இருந்த தோல் பட்டறைகளை 2017-ல் ஊருக்கு வெளியே சாவாருக்கு மாற்றினார்கள், அழுக்கு தலேஷ்வரி ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர்களும் கரண்ட் செலவுக்குப் பயந்து அதை ஓட்டுவதில்லை என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளே எழுதுகின்றன. ஓட்டினால் விலை ஏறும், ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். நாங்களும் ஒரு காலத்தில் இதே கணக்குத்தான் போட்டோம்.

2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் துணி ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது, அடுத்த மாதமே பெரிய பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தன, பிறகு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. ரிப்பேருக்குப் பணம் கிடைக்க வழி செய்வதும் அவர்கள் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. கட்டடத்துக்குப் போட்ட கையெழுத்தை ஆற்றுக்கு ஏன் போடக்கூடாது? திருப்பூரும் டாக்காவும் வியட்நாமும் தனித்தனியாக விலையைக் குறைத்துக்கொண்டே போகாமல், சுத்திகரிப்புச் செலவு பில்லில் தனி வரியாக வந்தால்தான் சரக்கு என்று ஒரே குரலில் கேட்டால் பையர் எங்கே ஓடுவான்?

இதைப் பற்றி எழுத உங்கள் நிருபரை ஒருநாள் அனுப்புங்கள். டம்ளர் தண்ணீரைக் காட்டுகிறோம், அப்புறம் அந்த உப்பு ஷெட்டையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருப்பூர்